பெற்றோரா, பிரசவமா

அந்தச் சலவைக்கூடத்தில் அப்போது நாற்பத்தாறு பேர் வேலை பார்த்தார்கள். மூன்று மருத்துவமனைகளிலிருந்தும் ஏழெட்டு ஓட்டல்களிலிருந்தும் விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாகப் பின்வாசலில் வந்து இறங்கும். பிரிப்பவர்கள் ரத்தக்கறை உள்ளதைத் தனியே எடுத்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மற்றது நேரே மெஷினுக்குள் போகும். மெஷினிலிருந்து தேய்க்கிற ரோலருக்கு, ரோலரிலிருந்து மடிப்பு மேஜைக்கு, மேஜையிலிருந்து வண்டிக்கு. வெயில்காலத்தில் உள்ளே மூச்சு முட்டும். மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். ரோலரிலிருந்து மொடமொடவென்று வரவேண்டிய துணி தொய்ந்துபோய் வரும். எந்தக் காலமானாலும் காலை ஆறு மணிக்கு முதல் மூட்டை அவிழ்ந்தாக வேண்டும்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாய்லர்காரன் வந்துவிடுவான். நீராவி அழுத்தம் காட்டும் முள் பச்சைக் கோட்டைத் தொட்டால்தான் மற்றவர்களுக்கு வேலை. ஆள் ஒல்லி, பேச்சும் குறைவு. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட முள் தாமதமானதில்லை என்று அவனாகச் சொல்லிக்கொள்ள மாட்டான். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டான்.

அவன் மனைவிக்கு மடிப்பு மேஜையில் வேலை. அவளை எல்லோரும் ஸ்கேலக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் மடித்து அடுக்கினால் விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கும். பெரிய விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. எதிரே இன்னொருத்தி வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, கைமாற்றி, மறுபடி பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு தடவை. அவளுக்கு எதிரே நின்றவளுக்குப் புதுசு என்று பெயர். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடமாகியும், நடுவில் கல்யாணமே ஆகியும், பெயர் புதுசுதான்.

அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் பாலிசிக்காரர் வந்தார்.

முதலாளி எல்லோருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுக்கப்போகிறார் என்று மேனேஜர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு அறையில் பெஞ்சுகளை ஓரமாக இழுத்துப் போட்டு எல்லோரையும் கூட்டினார்கள். பாலிசிக்காரர் நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக விளக்கினார். வேலை பார்ப்பவர், அவருடைய கணவன் அல்லது மனைவி, இரண்டு பிள்ளைகள். இது எல்லோருக்கும் உண்டு. அதற்குமேல் ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்ள முதலாளி சம்மதித்திருக்கிறார். பெற்றோரைச் சேர்க்கலாம், அல்லது பிரசவத்தைச் சேர்க்கலாம். ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியாது. மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே திட்டம். வெளியே தனியாக எடுத்தால், வயதானவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். இதில் முதல் நாளிலிருந்தே உண்டு. பிரசவத்துக்கும் அப்படித்தான், காத்திருப்பு கிடையாது.

மெஷின்காரர் எழுந்து, தனக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பொண்டாட்டிக்கு ஐம்பத்திரண்டு வயது, தனக்கு எது பொருந்தும் என்று கேட்டார். அறை சிரித்தது. பாலிசிக்காரர் மட்டும் சிரிக்காமல் யோசித்து, உங்களுக்கு அடிப்படைத் திட்டமே போதும் என்று பதில் சொன்னார். அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கை தூக்கி முடிவு செய்யலாம் என்று மேனேஜர் சொன்னார். நடுவில் நான்கு நாள் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் பாய்லர்காரன் பாலிசிக்காரரை வாசல்வரை விட்டுவரப் போனான். திரும்பி வந்தவன் நேரே மடிப்பு மேஜைக்கு வந்தான். வேலை நேரத்தில் அவன் அங்கே வருவதே இல்லை. புதுசு எதிரே நிற்கிறாள் என்பதைக்கூடப் பார்க்காமல், "தையலும் கவர் ஆகுமாம். கேட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். ஸ்கேலக்கா கையிலிருந்த மூலைகளைச் சேர்த்து மடித்தாள்.

தையல் என்று அவன் சொன்னது இதைத்தான். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவளுக்கு மூன்று தடவை உண்டாகி மூன்றும் கலைந்துவிட்டது. முதலாவது இரண்டாம் மாதம், இரண்டாவது நான்காம் மாதம். மூன்றாவது ஐந்தாம் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, விரிப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது. அடுத்த தடவை மூன்றாம் மாதம் முடிந்ததுமே கருப்பை வாயில் ஒரு தையல் போட வேண்டும், அதற்கப்புறம் மருத்துவமனையிலேயே படுத்த படுக்கையாக இருக்க வேண்டியிருக்கும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட, என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்படி இருக்க அவர்களால் முடியாது என்பதால் பேச்சு அதோடு நின்றுபோயிருந்தது. பாய்லர்காரன் மனத்தில் அது நிற்கவில்லை என்பது இப்போது தெரிந்தது.

மூன்றாவதற்குப் பிறகு அவள் பதினோராம் நாள் வேலைக்கு வந்தாள். அழுவாள் என்று எல்லோரும் பயந்து தள்ளியே நின்றார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பசித்தது. சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு, ரோலரில் நிற்கும் பெண்ணிடம் ஒரு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் எதற்குமே பெரிதாக எதுவும் தோன்றாமல் போய்விட்டது. மழை வந்தால் மழை வருகிறது என்று தெரியும். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் உப்பு இல்லை என்று தெரியும். அவ்வளவுதான்.

வீட்டில் மாமியார் இருந்தார். ஒரு பெரிய ஓட்டலில் முப்பது வருடம் டெலிபோன் போர்டில் இருந்தவர். எந்த அறைக்கு யார் பேசினாலும் இணைப்புக் கொடுப்பதுதான் அவர் வேலை. ஓட்டலை மூடிய பிறகும் குரலில் அந்த மிடுக்கு போகவில்லை. பால்காரன் கதவைத் தட்டினால்கூட, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க," என்பார். அவர் இதயத்தில் ஒரு வால்வு இறுகிவிட்டது. மூன்று மாடி ஏறி இறங்க முடியாமல் எட்டு மாதமாக அவர் தரையையே மிதிக்கவில்லை. நான்கு எட்டு நடந்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வால்வை மாற்றியாக வேண்டும், தள்ளிப்போடத் தள்ளிப்போட ஆபத்து என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த தாள், அலமாரியில் துணிக்கு அடியில் இருந்தது.

மகன் திட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, அவர் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்றார். "என் வால்வு அறுபத்தாறு வருஷம் ஓடின வால்வு. அதுக்குப் புதுசு வாங்கிப் போட்டு நான் எங்க ஓடப்போறேன்? நீ பிரசவத்துக்குக் கை தூக்குடா," என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவே சொன்னது அவனுக்கு உதவியாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. மனைவியைப் பார்த்து, பிரசவத்துக்குத்தான் போடுகிறோம் இல்லையா என்று கேட்டான். அவள் "ம்" என்றாள். அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். பதினோரு வருடத்தில் அவளுடைய "ம்" எப்போதும் சரி என்பதாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த நான்கு நாளும் கூடத்தில் வேறு பேச்சே இல்லை. வயதானவர்கள் வீட்டில் இருப்பவர்கள் ஒரு பக்கம், இளசுகள் ஒரு பக்கம். வண்டி ஓட்டுபவனுடைய அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவன் ஒவ்வொருவரிடமும் போய் நின்றான், எதுவும் கேட்காமல். வியாழக்கிழமை டீ நேரம் நெருங்கும்போது, விரிப்பை மடித்துக்கொண்டு எதிரே வந்த புதுசு, கைமாற்றும்போது மெதுவாகச் சொன்னாள், தனக்கு இரண்டு மாதம் என்று. வீட்டுக்காரனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதாம். அவள் அக்காவுக்குப் பிரசவத்தில் உயிர் போய்ப் பிழைத்ததால் அவளுக்குப் பயமாக இருக்கிறதாம். "நீங்களும் பிரசவத்துக்குத்தானேக்கா?" என்று கேட்டாள். ஸ்கேலக்கா விரிப்பை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் நேரத்துக்குச் சாப்பிடு என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம் நல்ல மழை. மின்விளக்கு எரிந்துகொண்டிருந்த சாப்பாட்டு அறையில் எல்லோரும் நின்றார்கள். மேனேஜர் முதலில் பிரசவம் என்றார். கைகள் எழுந்தன. பாய்லர்காரன் கையைத் தூக்கினான். கொதிகலன் சூட்டில் கறுத்துப்போன முழங்கை வரைக்கும் சட்டை நழுவியது. தூக்கியபடியே எதிர்ச்சுவரோரம் நின்ற மனைவியைத் தேடினான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சத்தத்தில் காதில் விழவில்லை போல என்று நினைத்து, அவன் தலையை ஆட்டிக் காட்டினான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மேனேஜர் இரண்டு தடவை எண்ணினார். பத்தொன்பது.

பெற்றோர் என்றதும் அவள் கையைத் தூக்கினாள். பாதியாக இல்லை, முழுக்கவே.

இருபத்தாறு. மெஷின்காரர் இரண்டுக்கும் தூக்கவில்லை. வண்டி ஓட்டுபவன் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினான். எண்ணி முடித்ததும் மேனேஜர் எல்லோரையும் வேலைக்குப் போகச் சொன்னார். போகிற போக்கில் நிறையப் பேர் பாய்லர்காரனைப் பார்த்தார்கள், அப்புறம் அவளைப் பார்த்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு கை என்று யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

மடிப்பு மேஜையில் புதுசு தன் பக்க மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதறினார்கள், நடந்தார்கள், கைமாற்றினார்கள். ஒரு வண்டி நிறைந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"உங்க ஒரு கை இல்லன்னாலும் அதுதாங்க்கா வந்திருக்கும். எனக்குத் தெரியுது. ஆனா நீங்க தூக்கினீங்க."

"ஆமா," என்றாள் ஸ்கேலக்கா.

புதுசு அடுத்த விரிப்பை எடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் மேனேஜரிடம் கேட்டுத் துண்டு பிரிக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டாள். அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அந்த நிலையில் அது நல்லதுதான் என்று ஸ்கேலக்காவுக்கும் தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கணவனும் மனைவியும் ஒரே குடையில்தான் வீட்டுக்கு நடந்தார்கள். மாடியேறி, செருப்பைக் கழற்றி, ஈரக் குடையை விரித்து வைத்த பிறகு அவன் சமையல் இடத்துக்கு வந்தான். அந்த வீட்டில் இரண்டு அறைதான், நடுவில் கதவு இல்லை. மாமியார் உள்ளே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"ஏன்?" என்றான்.

"உங்கம்மாவுக்காக இல்ல."

"பின்ன?"

அவள் அடுப்பைக் குறைத்தாள். "நான் மாத்திரை போட்டுட்டு இருக்கேன்."

"என்ன மாத்திரை?"

"பிள்ளை வராம இருக்கறதுக்கு."

அவன் புரியாதவன் போல நின்றான். பிறகு, எப்போதிலிருந்து என்று கேட்டான். போன மழைக்காலத்திலிருந்து என்றாள். வேலையிடத்தில் அலமாரிக்குள் வைத்திருப்பதையும், பதினோரு மணி டீயோடு சேர்த்துப் போட்டுக்கொள்வதையும் அவன் கேட்காமலே சொன்னாள். ஒரு வருடம். அவன் எதையோ கணக்குப் போடுகிற மாதிரி சுவரைப் பார்த்தான்.

"ஒவ்வொரு மாசமும் நான் உன் மொகத்தப் பார்த்துட்டு இருந்தேன்," என்றான்.

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம்னு சொல்லுவீங்க. நானும் சரின்னுடுவேன்." அவள் குரல் ஏறவில்லை. "என்னால இன்னொரு தடவை படுத்துக்கிட்டு எண்ணிட்டு இருக்க முடியாதுங்க. இன்னைக்கு ஒரு நாள் ஆச்சு, இன்னைக்கு ஒரு நாள் ஆச்சுன்னு. அந்தத் திட்டம் வந்துட்டா எல்லாரும் நல்லபடியா எனக்காகக் காத்துட்டு இருப்பீங்க. வேண்டாம்."

தண்ணீர் கொதித்தது. அவள் டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினாள். அவன் தன் டம்ளரை எடுக்கவில்லை. ஜன்னலோரம் போய் நின்றான். அவன் தோள் குலுங்குகிறதா என்று அவள் பார்த்தாள். குலுங்கவில்லை. டம்ளர் அங்கேயே ஆறி ஏடு படிந்தது. அவள் அதைக் கொட்டிவிட்டுக் கழுவி வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை அரைநாள் வேலை. அவன் பாய்லரைக் கழுவிவிட வேண்டும் என்று அங்கேயே இருந்துவிட்டான். அவள் மட்டும் வீட்டுக்கு வந்து மாமியாருக்குத் தலை சீவிவிட்டாள். பாதி சீவும்போது மாமியார் பேசினார்.

"நேத்து நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு. மத்தவங்க பேசறதைக் காதுல வாங்காம இருக்கறதுதான் முப்பது வருஷமா எனக்குச் சம்பளம். இருந்தாலும் கேட்டுச்சு."

"சரிங்கத்தை."

"எனக்குக் கோபம்தான். அவனுக்கு நீ பண்ணினது அநியாயம். மூடி மறைக்கறதுக்கு இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா எனக்காக இல்லன்னு சொன்னியே, அது ஒண்ணு நிம்மதியா இருந்துச்சு. எனக்காகன்னு சொல்லியிருந்தா நான் ஆபரேஷனுக்கே போயிருக்க மாட்டேன்."

"இப்பப் போவீங்களா?"

"வந்த லைனை எதுக்கு வெட்டணும்?" என்றார் மாமியார். "மேல இருந்து வேடிக்கை பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. ஒரு தடவை கீழ எறங்கித் தெருவுல நிக்கணும்."

அவள் பின்னலை முடித்து நுனியில் முடிச்சுப் போட்டாள்.

அடுத்த வாரம் படிவம் வந்தது. ஒரே இடத்தில் கணவன் மனைவி இருவரும் வேலை பார்த்தால் ஒரு படிவம் போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பாய்லர்காரன் மதிய இடைவேளையில் அதைப் பூர்த்தி செய்தான். அவன் கையெழுத்து அழகாக இருக்கும். அம்மாவின் பெயர், வயது, ஏற்கெனவே உள்ள நோய் எல்லாம் எழுதினான். பிள்ளைகள் என்று இரண்டு வரி இருந்தது. அதன்மேல் பேனா வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். மெஷின்காரர் எட்டிப் பார்த்து, காலியாக விடாதே, திருப்பி அனுப்பிவிடுவார்கள், 'இல்லை' என்று எழுது என்றார். அவன் எழுதினான். இரண்டு வரியிலும் தனித்தனியாக எழுதினான்.

அடுத்த இரண்டு மாதமும் வீட்டில் சண்டை எதுவும் இல்லை. அவன் அவளிடம் குடை எங்கே, சோப்பு தீர்ந்ததா, அம்மா சாப்பிட்டாளா என்று கேட்பான். அவள் பதில் சொல்வாள். அவன் பாயைச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டு படுத்தான். கூடத்தில் ஒருநாள் மட்டும் முள் பச்சைக் கோட்டைத் தொட ஆறரை ஆயிற்று. அவன் பாய்லர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். தூங்கவில்லை, உட்கார்ந்துதான் இருந்தானாம். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மழை விட்டுக் குளிர் தொடங்கியபோது ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. நான்கு பேர் நாற்காலியோடு மாமியாரைத் தூக்கி இறக்கினார்கள். அதில் ஒருவன் வண்டி ஓட்டுபவன். கீழே வந்ததும் மாமியார் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். எதிரே இருந்த சைக்கிள் கடை எங்கே போனது என்று கேட்டார். அதை மூடி ஆறு மாதமாயிற்று என்றார்கள். சொல்லவே இல்லையே என்று கோபித்துக்கொண்டார்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. பாலிசிக்காரர் சொன்னபடியே எல்லாம் ஆயிற்று. எங்கேயும் எதுவும் தடங்கல் இல்லை. ஸ்கேலக்கா மூன்று நாள் மருத்துவமனையிலேயே இருந்தாள். மாமியாருக்குத் துடைத்துவிட்டாள், வாய்க்குள் ஈரத்துணி வைத்தாள், சளி துப்பக் கிண்ணம் பிடித்தாள். இரண்டாம் நாள் மாமியார் நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமி முடித்துவிட்டு, கண்ணில் நீரோடு அவளைப் பார்த்தார். அவள் அந்த நீரையும் துடைத்தாள். இதையெல்லாம் செய்கிறோம் என்று தெரிந்தது. சந்தோஷமாக இருக்கிறதா என்று தன்னைத் தானே கேட்டுப் பார்த்தாள். கால் வலித்தது.

நான்காம் நாள் முற்பகலில் பாய்லர்காரன் வந்தான். அரைநாள் விடுப்புப் போட்டிருந்தான். அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்தாள். அவன் முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவளிடம் நீட்டினான். ரொட்டியை மென்றுகொண்டே, வாங்க வேண்டிய மருந்துச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைப் படித்து மடித்தான். எழுந்திருக்கவில்லை.

"அந்த மாத்திரை இருக்கா?" என்றான்.

"அத்தைக்குக் காலைல நர்ஸ் குடுத்துட்டாங்க."

"உன்னோடது."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எதிரே இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளையோட தீருது," என்றாள். "கூடத்துக்குப் போகும்போது வாங்கிக்கறேன்."

"பேர் சொல்லு."

சொன்னாள். அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அம்மாவின் சீட்டுக்குப் பின்பக்கம் எழுதினான். ஓர் எழுத்தில் சந்தேகம் வந்து மறுபடி கேட்டான். அவள் திருத்தினாள். அவன் அடித்துவிட்டு ஒழுங்காக எழுதிக்கொண்டு கீழே போனான்.

மருந்துக் கடையில் நல்ல கூட்டம் போலிருக்கிறது. அவன் வர முக்கால் மணி நேரமாயிற்று. வந்தவன் அம்மாவின் மருந்துகளை ஒரு கவரிலும், இதை இன்னொரு சின்னக் கவரிலும் வைத்திருந்தான்.

"மூணு அட்டை வாங்கிட்டேன். மாசா மாசம் நீ அலைய வேண்டாம்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அலமாரில எல்லாம் வைக்க வேண்டாம். வீட்லயே வச்சுக்க," என்றான்.

அவள் கவரை வாங்கினாள். அதன் வாயை மூன்றாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மூடும்போது ஜிப் சிக்கிக்கொண்டது. அவள் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அவன் பையைத் தன் மடிக்கு இழுத்து, ஜிப்பில் மாட்டியிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மூடிக் கொடுத்தான்.

உள்ளே அவன் அம்மா, நர்ஸிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்காத, முழுக் குரல். இருவரும் எழுந்து உள்ளே போனார்கள்.